மடிப்பிச்சைக்காரியும் ஏட்டு சிங்காரமும்

ஏட்டு சிங்காரம் காலமானார் என்று அரியலூர் ரயிலடியில் ஒருவர் சொன்னபோது, நான் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் என் பஸ்ஸின் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். நம்பவில்லை. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத மனுஷன் எப்படிப் படுத்திருப்பார்? பெரம்பலூர் அன்பர்களே, அவர் மீசையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். ஆளை அறிந்தவன் திருச்சி ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

யுத்தத்தில் அரிசிக்கு அடிதடி நடந்த காலம். தலைவிரி கோலமாய், கிழிந்த முந்தானையை ஏந்திக்கொண்டு ஒருத்தி கடைவீதியில் அலைந்தாள். பெயர் கேட்டால் பேச்சில்லை. ஏட்டு அவளைப் பிடித்துக்கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார். அன்று கோர்ட்டில் முன்வரிசையில் நான். எனக்கு நாற்காலியே போட்டார்கள்.

"நானே காசு குடுத்தேங்க. ரோட்டுல வீசிட்டா. சோறு வச்சா மொகத்தத் திருப்பிக்கிறா. புத்தி தெளிஞ்சவ செய்யிற காரியமாங்க?" என்றார் ஏட்டு.

டாக்டர் சர்ட்டிபிகேட் தந்தார். பட்டணத்துப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவு ஆனது. காவலுக்கு ஏட்டேதான். அரியலூரில் ரயிலேற்ற என் பஸ்ஸில் வந்தார்கள். என் பஸ் ஓடினால் ரயிலே வெட்கப்படும். அன்று மட்டும் வழியில் குன்னத்தில் கரி அணைந்து வண்டி நின்றுவிட்டது.

வெங்காயக் கூடையோடு நின்ற ஒரு கிழவி சன்னல் வழியே அவள் மடியில் ஒரு கை கம்பு போட்டாள். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"காச வீசுறவ கம்ப வாங்குறாளே!" என்றார் ஏட்டு.

"அட மீசக்காரரே, மாரியாத்தாளுக்கு மடிப்பிச்ச எடுக்கிறா. தானியந்தான் வாங்கணும்னு நேந்திருப்பா. பொங்க வைக்கிற வரைக்கும் பச்சத்தண்ணி தவிர பல்லுல படாது, வாயும் தொறக்கமாட்டா. ஒங்க ஊர்ல ஆத்தாளே இல்லியா?"

ஏட்டு இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். "ரயிலு போயிடும்ங்க," என்றேன். "உத்தரவு கையில இருக்குய்யா. காலு நவுர மாட்டேங்குதே!" என்றார். வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் அவளையும் இறக்கிவிட்டார். கிழவி பானை கொடுத்தாள். குன்னத்து மாரியம்மன் வாசலில் கம்பு பொங்கியது. சாமி கும்பிட்டதும் அவள் வாய் திறந்தாள்: "எம் புள்ளைக்கு அம்ம போட்டிருக்கு, எறங்கணும்னு நேந்துக்கிட்டேன் சாமி. அது வூட்ல தனியாக் கெடக்கு. வுட்ருங்க."

கோர்ட்டுக்கே திரும்பிப் போனோம். மாஜிஸ்திரேட் சீறினார். பாதி வாதத்தை நான்தான் செய்தேன். மீதியை அவளே செய்தாள். ஊர், புருஷன் பெயர், பிள்ளையின் வயது, எல்லாம் மணிமணியாகச் சொன்னாள். உத்தரவு ரத்தானது. ஏட்டுக்குத்தான் மெமோ.

அதன்பிறகு என் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அவர் நின்றுகொண்டே வந்தார். ஒருநாள், "உக்காருங்க ஏட்டய்யா," என்றேன்.

"முன்னால பைத்திய ஆஸ்பத்திரியில கொண்டுபோயி வுட்டனே, அவங்கள்ள எத்தினி பேரு இப்பிடி வாய மூடிக்கிட்டு வந்தாங்க? நான் ஒருத்தரையும் கேக்கலியேய்யா," என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் அவர் என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். இப்போது காவலோடு யார் பஸ் ஏறினாலும், அவர்களிடம் ஊரும் பெயரும் கேட்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை.