இருபத்தோராவது அழைப்பு

செல்போன் சர்வீஸ் என்றால் ஸ்க்ரூ கழற்றிப் பூட்டுகிற வேலை என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். பாதி நாள் நமக்கு, போன் கேட்ட கேள்விக்கு ஜனங்கள் சொல்லிவிட்டு வந்த பதிலுக்குப் பஞ்சாயத்து பண்ணவே சரியாகிவிடும். பட்டன் போன் காலத்தில், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்து நான் பட்டதைச் சொல்கிறேன். நீங்களும் கடை வைத்தவர் என்றால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

பாய் கேட்டது

கருங்குழியில் சாக்கு வியாபாரம் பண்ணும் பாய் ஒருவர். மகன் ரஃபீக் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம். எப்போதாவது ஏதோ ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு வரும், எடுத்தால் பேச்சிருக்காது. அந்த நம்பர் கிடைத்தால் பையன் எந்த ஊரில் இருக்கிறான் என்றாவது தெரியும். ஆனால் அவர் போன் கடைசி இருபது நம்பரைத்தான் வைத்துக்கொள்ளும். இருபத்தொன்று வந்தால் முதலாவது போயே போச்சு. சாக்கு வியாபாரிக்கு மத்தியானத்துக்குள் இருபது வந்துவிடும்.

எல்லா நம்பரையும் சேர்த்து வைக்கிற சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அதிலும் ஒரு பேஜாரு. போனின் பதிவைப் படிக்க அதற்குத் தனி அனுமதி வேண்டும். நிரந்தர அனுமதிக்கு போனின் பதினைந்து இலக்க நம்பரை சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை, காலையில் போனை ஆன் பண்ணும்போதெல்லாம் 'படிக்கலாமா?' என்று இங்கிலீஷில் கேட்கும். இடது பட்டன் என்றால் சரி, வலது பட்டன் என்றால் வேண்டாம். "நீங்க இடது அமுக்குங்க பாய்" என்று பத்துத் தடவை சொன்னேன். "ஏன், அழைப்பு வந்ததுமே எழுதி வைக்கக் கூடாதா?" என்றும் கேட்டேன்.

"கடை சத்தத்துல எவனோ ராங் நம்பருன்னு வச்சுடுறேன் தம்பி. வூட்டுக்குப் போய் சோத்துல கை வைக்கிறப்போதான், அது புள்ளையா இருக்குமோன்னு தோணுது."

கல்பாக்கம் சார்

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு சார், போன் தானாக ஆஃப் ஆகிறது என்று வந்தார். உள்ளே இருக்கிற பதிவைப் படித்தால் காரணம் தெரியும், போன் கேட்டதும் இடது பட்டனை அமுக்குங்கள் சார் என்றேன். யார் படிப்பது, எதற்குப் படிப்பது, படித்ததை எங்கே வைப்பீர்கள் என்று முக்கால் மணி நேரம் விசாரணை. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். கடைசியில் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஆஃப் ஆனா ஆயிட்டுப் போகுதுப்பா. நான் கையெழுத்து போடாம எதையும் யாருக்கும் படிக்கக் குடுத்ததில்ல."

மாமல்லபுரத்து ஆட்டோ

ஆட்டோ ஓட்டும் தனசேகர் நேர் எதிர். யாரோ ப்ளூடூத்தில் அனுப்பிய கேம் ஒன்றைப் போட்டுக்கொண்டான். பதிவைப் படிக்கலாமா என்றது, சரி. மெசேஜ் அனுப்பலாமா என்றது, அதற்கும் சரி. பதிவில் இருந்த அத்தனை பேருக்கும் 'ஐ லவ் யூ' போய்விட்டது. மெக்கானிக்குக்குப் போனது, சவாரி வந்த வெள்ளைக்காரருக்குப் போனது, மாமியாருக்கும் போனது. கடைக்கு வந்து என்னிடம் குதித்தான். "எல்லாத்துக்கும் எதுக்குடா சரின்னே?" என்று நானும் கத்தினேன்.

"இன்னா அண்ணாத்த பேசற, அது மரியாதையா கேட்டுகினு கீது, மூஞ்சில அடிச்சாப்ல வேணாம்னு எப்டி சொல்றது?"

நான் ஒட்டிய சீட்டு

அந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். நினைத்தால் இன்றைக்கும் என் கையை நானே உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. 'போன் என்ன கேட்டாலும் வலது பட்டனை அமுக்கவும்' என்று சீட்டு அடித்து, கடைக்கு வந்த போன் முதுகிலெல்லாம் ஒட்டினேன். கீபேட் மாற்ற வந்த பாயின் போனிலும் ஒட்டியிருக்கிறேன். கூட்டத்தில் யார் போன் என்று பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து பாய் ஓடி வந்தார். மேல்மூச்சு வாங்கியது. "நேத்து எம் புள்ள 'அத்தா'ன்னு கூப்புட்டான் தம்பி! ஒரே வார்த்தை. கட்டாயிடுச்சு. எதையாவது அமுக்கி அழிச்சுடப் போறேன்னு வந்த போனை எடுத்ததோட சரி, வேற எதையும் தொடல. எடு அந்த நம்பரை."

சாஃப்ட்வேரைத் திறந்தேன். முதல் மூன்று நாள் நம்பர்கள் இருந்தன. அப்புறம் ஒன்றுமில்லை. போனில் இருந்த இருபதும் அரிசி மில்காரர்கள். திருப்பிப் பார்த்தால் முதுகில் என் சீட்டு. ஐயோ, பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. சிம் கார்டு கம்பெனி கவுன்ட்டரில் போய்க் கெஞ்சினேன், அந்த விவரமெல்லாம் தர முடியாது என்றார்கள். திரும்பி வந்து பாய் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"நீ வாயால சொன்னது மறந்துடுச்சு தம்பி. ஒட்டியிருந்ததப் பாத்துதான் தெனம் அமுக்குனேன்."

நிரந்தர அனுமதி நாலு நாள் கழித்து வந்தது. அதற்கப்புறம் அந்தப் போன் ஒரு நம்பரையும் தவறவிடவில்லை. மாதங்கள் போயின, எல்லாம் மில்காரர்கள்தான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பாய் நேரே கடைக்கு வந்து போனை நீட்டுவார்.

"புதுசா ஏதாவது வந்துருக்கா பாரு தம்பி."

ஊர் போனுக்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று சீட்டு அடித்து ஒட்டிய மேதாவி நான், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவது போல மேஜைக்கடியில் குனிந்துகொள்வேன்.