சமையல் மேடையின் உயரம்

2023 ஆகஸ்ட் 16, புதன்கிழமை, காலை பத்தே கால். இரவு பெய்த மழை விட்டிருந்தது. வெயில் வராமலேயே புழுங்கியது. கிழக்குத் தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டின் சமையலறையை இடித்துக் கட்டத் தொடங்கி அன்று பதினெட்டாம் நாள். நானும் என் மனைவியும் பேசிக்கொள்ளாமல் நான்காம் நாள்.

பேச்சு நின்றதற்குக் காரணம் டீ. கொத்தனார், சித்தாள், பெரியாள் இருவர் என நான்கு பேர் வேலை செய்தார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என ஆளுக்கு இரண்டு டீ போதும் என்பது என் கணக்கு. அவளோ நான்கு முறை கொடுத்தாள். சனிக்கிழமை மாலை அவள் தட்டோடு வந்தபோது, வேலையாட்கள் எதிரிலேயே சொன்னேன்: "இதோட பதினாறு டம்ளர். இது என்ன கேன்டீனா?" அவள் தட்டை மணல் குவியல் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். யாரும் அந்த டம்ளர்களைத் தொடவில்லை. கொத்தனார் அன்று முதல் கேம்ப் ரோட்டு டீக்கடைக்குப் போய்க் குடித்தார்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்தவன். எண்ணுவதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. செங்கல்லை எண்ணினேன், சிமென்ட் மூட்டையை எண்ணினேன், டைல்ஸ் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினேன். அதையெல்லாம் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புதன்கிழமை, சமையல் மேடையின் கிரானைட்டைத் தாங்கும் கடப்பா கல்லை நிறுத்த வேண்டும். கொத்தனார் என்னிடம் வந்தார்.

"சார், அம்மாவ ஒரு தபா வரச் சொல்லு சார். முழங்கைய மடக்கி நிப்பாங்க. அதுலேர்ந்து நாலு இஞ்சு கீழ மார்க் பண்ணிக்கினா மேடை கரெக்டா வரும்."

அவள் பின்கட்டில், தற்காலிகமாக வைத்த ஒற்றை அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். பதினான்கு எட்டு வைத்தால் போதும். கூப்பிட்டால் முதலில் பேசியவன் நானாகிவிடுவேன்.

"அவ எதுக்கு? நான் சொல்றேன்."

"அப்ப அம்மா எவ்ளோ ஒயரம், சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. வீட்டு ஜன்னல்களின் அளவு தெரியும். கிணற்றின் ஆழம் தெரியும். மனைவியின் உயரம் தெரியாது. தெரியாது என்று அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

"அஞ்சு அடி மூணு அங்குலம்."

அவர் பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அவ்ளோ இருப்பாங்களா, சார்?"

"நாப்பத்தோரு வருஷமா கூட இருக்கேன்பா. எனக்குத் தெரியாதா?"

"சரி சார். உங்க வூடு." சுவரில் முப்பத்தாறு அங்குலத்தில் கோடு கிழித்தார்.

ஆறாம் நாள் அவள், "குழம்புல உப்பு பத்துதா?" என்று கேட்டாள். பத்துகிறது என்றேன். அவ்வளவுதான், பேச்சு ஒட்டிக்கொண்டது. டீயைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்காமலே தப்பித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி கூட இருந்தது. இப்போது அதை எழுதவே கூசுகிறது.

வேலை நாற்பத்தேழு நாளில் முடிந்தது. சபையிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து ஜெபம் செய்தார்கள். ஓர் அம்மாள் கிரானைட்டைத் தடவிப் பார்த்து, "மேடை கொஞ்சம் ஒசரமோ?" என்றார். "இல்லையே, இவ ஒசரத்துக்கு அளந்து போட்டது" என்றேன் நான். என் மனைவி சிரித்தபடி, "ஆமா, அளந்துதான் போட்டாரு" என்றாள்.

நவம்பரில் ஒரு நாள் காலை நடைக்குப் போனவன், தூறல் விழுந்ததால் பாதியிலேயே திரும்பினேன். சமையலறையில் அவள் முதுகு காட்டி நின்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட உயரமாக இருந்தாள். காலடியில் பழைய மணைப்பலகை; அதன் மேல்தான் நின்றாள். தேய்த்ததை அடுப்பில் போட இறங்கி நகர்ந்தாள். பலகை தரையில் டொக்கென்றது. திரும்ப ஏறினாள், மறுபடி டொக். அந்தச் சத்தத்தை நான் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஏதோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்து, எத்தனை அடி என்று எண்ணிக்கூடப் பார்த்திருக்கிறேன். ஒரு காலைச் சமையலுக்கு இருபதுக்குக் குறையாது.

என்னைப் பார்த்ததும் இறங்கி, பலகையைக் காலால் சிலிண்டருக்குப் பின்னால் தள்ளினாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"மொத நாள்லேர்ந்தே."

"அறுபத்து நாலு வயசுல இப்படி ஏறி எறங்கிக்கிட்டு... ஏன் சொல்லல?"

"சொன்னா கொத்தனாரக் கூப்பிட்டுத் திட்டுவீங்க. அந்த ஆளு மேல என்ன தப்பு? அவரு கேட்டாரு. அஞ்சு அடி மூணுன்னு நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு."

"விழுந்துச்சுன்னா அப்பவே வந்து நிக்க வேண்டியதுதானே?"

"வந்திருக்கலாம். டம்ளர எண்ணுற மனுஷன் பொண்டாட்டிய எண்ணி வச்சிருக்க மாட்டாரான்னு பாத்தேன்." மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் வீம்புதாங்க."

"சபைக்காரங்க கிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"பன்னெண்டு பேர் முன்னாடி உங்கள வேற என்னன்னு சொல்றது?"

அவளை நான்கு பேர் முன்னால் நான் என்ன சொன்னேன் என்பது நினைவுக்கு வந்தது. அங்கே நிற்க முடியாமல் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். தட்டில் இரண்டு சப்பாத்தி கொண்டுவந்து வைத்தாள்.

கொத்தனாருக்கு போன் செய்ய மூன்று நாள் ஆயிற்று. பேச்சை எங்கே தொடங்குவது என்று ஒத்திகை பார்த்ததில் இரண்டு முறை பழி அவர் பக்கம் சாய்ந்தது. அதைக் கவனித்து நானே வெட்கினேன். நேரில் வந்தவரிடம், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "நீங்க சரியாத்தான் கேட்டீங்க. எனக்குத் தெரியாம சொன்னேன். அன்னிக்கு டீ விஷயத்துல பேசினதும் தப்பு. ரெண்டு பேரும் மனசுல வச்சுக்காதீங்க."

"அட, வுடு சார்" என்றார் அவர். அவள் தரையைப் பார்த்தபடியே, "இத சொல்ல மூணு மாசமா?" என்றாள்.

சுவரோரம் நின்று முழங்கையை மடக்கினாள். கொத்தனார் பென்சிலால் கோடு போட்டார். முப்பத்திரண்டு அங்குலம். அப்படியே அவள் உயரத்தையும் அளந்து என்னிடம் சொன்னார். நான்கு அடி பத்து.

கிரானைட்டைப் பெயர்க்கும்போது ஒரு துண்டு விரிசல் விட்டது. புதிதாக வாங்க வேண்டியிருந்தது. குழாயையும் சிங்க்கையும் இறக்க பிளம்பர் வந்தார். மேடை இறங்கியதில் சுவரில் நான்கு அங்குலம் மூளியாகத் தெரிந்தது. பழைய டைல்ஸ் கடையில் இல்லை. அவளே போய் ஒரு பச்சை நிறம் தேர்ந்தெடுத்தாள். பொருந்தவில்லை. வருகிறவர்கள் ஏன் இந்தப் பட்டை என்று கேட்கிறார்கள். நான் காரணத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் முகம் சுடுகிறது.

கூலி, கல், டைல்ஸ், பிளம்பர், சிமென்ட், இடிசல் அள்ளிய வண்டி எல்லாம் சேர்த்து, பத்தொன்பதாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.