வந்தவர்தான் போகணும்

சட்ட மாணவர்களை விடுமுறையில் சட்ட உதவி அலுவலகத்துக்கு அனுப்புவது வாதாடப் பழகுவதற்கு அல்ல, உட்காரப் பழகுவதற்கு. போட்டோக் கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் உட்காரலாம், நீதிமன்ற விறாந்தையில் உட்காரலாம், பேச வந்துவிட்டுப் பேசாமல் அழுகிறவர்களுக்கு முன்னால் உட்காரலாம். இந்த வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. என்னோடு படிக்கிற ஒருத்தி கொழும்பில் பெரிய கம்பனி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்து, ஏசி அறையில் கோப்பிக் கோப்பையோடு படம் எடுத்து அனுப்பினாள். நான் மட்டக்களப்பில் எங்கள் அலுவலக மின்விசிறியைப் படம் எடுத்து அனுப்பினேன். ஓடாத விசிறி என்பதால் படம் நல்ல தெளிவாக வந்தது.

சொல்லித் தந்த கேள்வி

எங்கள் அலுவலகச் சட்டத்தரணியை எல்லோரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். புருஷனிடம் அடிவாங்கி வருகிற பெண்களிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று மிஸ் முதல் நாளே சொல்லித் தந்தார். கொழும்பில் ஏதோ பயிற்சிப் பட்டறையில் கொடுத்த கேள்வி: ‘பாதுகாப்பாகப் போய்த் தங்க உங்களுக்கு வேறு இடம் இருக்கிறதா?’ இல்லை என்றால் பெண்கள் காப்பகத்துக்குப் போன் எடுக்க வேண்டும்.

எனக்கு முதலில் வந்தவர் சுகந்தியக்கா. வாவிக்கரையில் ஊர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள், இடது கையில் மாவுக்கட்டு. நான் குரலை மெதுவாக்கிக்கொண்டு, பாடமாக்கிய கேள்வியைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கத்தானே செய்வார்! எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. ஆண்தான் உடுப்புப் பையோடு வந்து சேர்கிறான். என் அப்பாவும் அம்மாவின் வீட்டுக்கு அப்படி வந்து சேர்ந்தவர்தான். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த நான், வேற்றூர்க்காரி மாதிரி இப்படியொரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பேனையோடு காத்திருந்தேன்.

"நான் என்னத்துக்குகா போற? வீடு என்ட வீடு. வந்தவர்தான் போகணும்."

வாங்கில் நடு இடம்

வழக்குப் போட்டோம். புருஷன் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று பாதுகாப்புக் கட்டளை கேட்டோம். அவர் தனக்கும் ஒரு சட்டத்தரணி வேண்டும் என்று சொல்ல, வழக்கின் முதல் தவணை நாள் தள்ளிப்போனது. கட்டளை கிடைக்கும்வரைக்கும் இருவரும் அதே வீட்டில்தான். அடுத்த தவணைக்கு சுகந்தியக்கா உயிரோடு வருவாரா என்பதுதான் எனக்கு ஒவ்வொரு இரவும் யோசனை.

நீதிமன்ற விறாந்தையில் இருந்தது ஒரே ஒரு நீள வாங்கு. அடித்தவர், அடிபட்டவர் எல்லோரும் அதில் உட்கார்ந்துதான் பெயர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது என் வேலை. ‘அசையக்கூடாது, தண்ணி குடிக்கவும் எழும்பக்கூடாது’ என்பது மிஸ்ஸின் உத்தரவு. புருஷனின் பெயர் யோகன், மேசன் வேலை. முரட்டு ஆள் ஒருவரை நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தவரோ, என் முகத்தில் வெயில் அடிக்கிறது என்று தன் குடையை விரித்து நீட்டினார். சத்தம் போட்டிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அவர் மெல்லிய குரலில் என்னிடம் கதைத்தார். கல்யாணம் முடித்து வந்தபோது அந்த வீட்டில் இரண்டு அறைதான். மற்றதெல்லாம் அவர் கட்டியது. உன்னிச்சையில் அவர் பிறந்த வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்விட்டது. தனக்கென்று எங்கும் ஒரு கூரை இல்லை. நியாயமான பேச்சுத்தான். சுகந்தியக்காவின் கையை முறித்ததும் அதே மேசன் கைகள்தான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"சட்டம் படிக்கிற புள்ளதானே நீங்க. போறதெண்டா நான் கட்டின சுவரையும் கழட்டிக்கிட்டுப் போகட்டா எண்டு உங்கட மிஸ்ஸிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

ஒரே வளவு

அடுத்த கிழமை சுகந்தியக்காவின் அம்மா தனியாக அலுவலகத்துக்கு வந்தார். எங்களுக்கென்று ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார். தாய் வீடு, மூத்த மகளின் வீடு, இளைய மகளுக்குக் கட்டிக்கொண்டிருக்கிற வீடு என்று மூன்றும் ஒரே வேலிக்குள், ஒரே வளவில். இளையவளுக்குச் சித்தாண்டியில் மாப்பிள்ளை பேசுகிறார்களாம். வளவுக்குள் பொலிஸ் வந்துபோனால் பேச்சு முறிந்துவிடும், வழக்கை நிறுத்தித் தாருங்கள் என்றார்.

மிஸ் இல்லை, நான்தான் இருந்தேன். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ‘பக்கத்து வீட்டிலேயே இத்தனை வருஷம் இருந்தீர்களே, மகள் கத்துகிற சத்தம் உங்களுக்குக் கேட்கவே இல்லையா?’ என்று கேட்டுவிட்டேன். பயிற்சிக்கு வந்தவள் கேட்கக்கூடாத கேள்வி. அவர் என்னைக் கோபிக்கவில்லை. முருங்கைக்காய்க் கட்டை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டி, மேசையில் வைத்தார்.

"கேக்கும்தான் மனே. கேக்கக்குள்ள நாங்க டீவிச் சத்தத்தக் கூட்டி வெப்பம்."

கலவை இறுகிப்போகும்

கட்டளை கிடைத்தது. நீதவான் வாசித்து முடித்ததும் சுகந்தியக்கா என் கையைப் பிடித்தார். மாவுக்கட்டு என் விரலில் இடித்து வலித்தது. அதைப்போல ஒரு சந்தோஷமான வலி எனக்கு அதற்குப் பிறகு வரவில்லை. நீதிமன்ற வாசலைப் படம் எடுத்துக் கொழும்புத் தோழிக்கு அனுப்பினேன். கோப்பிக் கோப்பைக்கு அது நல்ல பதில் என்று எனக்குப் பட்டது.

கட்டளையைக் கொண்டுபோன கான்ஸ்டபிள் திரும்பி வந்து மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னார். யோகன் அப்போது குசினிச் சுவருக்குப் பூச்சுப் பூசிக்கொண்டு நின்றாராம். கட்டளையை வாசித்துக் காட்டியபோது ஒரு சண்டையும் பிடிக்கவில்லையாம். மிச்சச் சுவரையும் பூசி முடித்து, மேசன் சாமான்களைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாராம்.

"'கலவை இறுகிப்போகும் சேர், இத முடிச்சிட்டு வாறன்' எண்டான். நானும் பாத்துக்கிட்டு நிண்டன் மிஸ். என்ன சொல்ற, சுவர் நல்ல நேராத்தான் வந்திச்சி."

மூத்த மருமகன்

யோகன் தூரமாகப் போகவில்லை. வாவிக்கரையில் மீன்பிடிகாரர் தங்குகிற வாடி ஒன்றில் படுத்துக்கொண்டார். சுகந்தியக்கா எனக்குப் போன் எடுத்து, பிள்ளைகள் இப்போது சத்தமாகச் சிரிக்கிறார்கள் என்று சொன்னார். அதைச் சொல்வதற்கு மட்டும்தான் எடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

பிறகு சித்தாண்டியில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் பேச வந்தார்கள். வருகிறவர்களைப் படலை வாசலில் நின்று வரவேற்க வேண்டியவர் மூத்த மருமகன். அவர் எங்கே என்று யாராவது கேட்டுவிட்டால் வளவின் மானம் என்னாவது? அதனால் சுகந்தியக்காவின் அம்மா வாடிக்குப் போய் அவரைக் கூட்டிவந்து, குளிக்க வைத்து, வேட்டி கொடுத்து நிறுத்தினார். புதிதாகப் பூசிய குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற சுகந்தியக்காவுக்கு, முன்விறாந்தையில் ‘வாங்க, வாங்க’ என்று யோகனின் குரல் கேட்டது. வந்தவர்களுக்கு முன்னால் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. சோறு பரிமாறினார்.

சம்பந்தம் முடிவாகி எல்லோரும் போனார்கள். யோகன் போகவில்லை. அன்றைக்கு டீவிச் சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டதாகப் பிறகு அயலில் சொன்னார்கள். விடியத்தான் சுகந்தியக்காவை ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டளையை மீறி ஏன் உள்ளே வந்தான் என்று விசாரிக்க வந்த பொலிஸாருக்கு அம்மா பதில் சொன்னார்.

"அவராக வரல்ல சேர். நாங்க கூப்பிட்டுத்தான் வந்தவர்."

முதல் நாள் கேள்வி

என் பயிற்சியின் கடைசிக் கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவரும்படி மிஸ் என்னை அனுப்பினார். பழைய மாவுக்கட்டு அப்படியே இருந்தது, மற்றக் கையிலும் புதிதாக ஒன்று. முகத்தின் ஒரு பக்கம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. சின்ன மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தாய்க்குப் பாணைத் தேத்தண்ணீரில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் நான் சட்டம்தான் பேசினேன். யோகனைப் பிடித்து மறியலில் அடைத்திருக்கிறார்கள், பிணை கேட்டால் எதிர்ப்போம், கட்டளை அப்படியே இருக்கிறது, வீடு உங்களுடையது என்று அடுக்கினேன். கொழும்பில் தந்த அந்தக் கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. அவர் வாயில் இருந்த பாணை விழுங்கினார்.

"கட்டளை அவருக்குத்தானே. படலையத் திறந்து விட்டது எங்கட அம்மா. நான் ஆருக்குகா கதவப் பூட்டுற? முதல் நாள் கேட்டீங்களே, போய்த் தங்க வேற இடம் இருக்கா எண்டு. அது எங்க இருக்கு?"

விடுமுறை முடிந்து பயிற்சிச் சான்றிதழோடு நான் கொழும்பு பஸ் ஏறிய அதே கிழமை, சுகந்தியக்காவும் பிள்ளைகளும் உடுப்புப் பையோடு காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு, சட்டப்படி, இன்றைக்கும் அவருடையதுதான்.