பூட்டிட்டு வாக்கா

இரண்டு நகராட்சிகளும் கைகோத்துக்கொண்டு ஒரு நல்ல காரியம் செய்யப்போகின்றன என்று கேள்விப்பட்ட அன்றே பூட்டுக்காரர் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். மனுஷன் சந்தோஷப்பட்டார்.

பயப்படக் காரணம் இல்லாமலா? நடுவில் ஓடுவது ஒரு சாக்கடைக் கால்வாய். இந்தக் கரை ஒரு நகராட்சி, அந்தக் கரை இன்னொன்று. கால்வாயில் ஒரு நாய் செத்து மிதந்தால்கூட அது எந்தக் கரை நாய் என்று இரண்டு பேரும் வாரக்கணக்கில் வழக்காடுவார்கள். நாய் பாட்டுக்கு ஊதிக்கொண்டே கிடக்கும். தெருவிளக்குக்கும் அதே கதி, குடிநீர்க் குழாய்க்கும் அதே கதி. கீரியும் பாம்புமாக இருந்தவர்கள் திடீரென்று ஒரே மேடையில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்றார்கள். யாருக்காக? கரையோரத்து ஏழைகளுக்காகவாம்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு" என்று சொன்னது பூட்டுக்காரரின் அக்காள் ஒருத்திதான். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

திட்டம் இதுதான். இரு கரையிலும் பாழடைந்து கிடந்த கிடங்குகளுக்கு வெள்ளையடித்து, தடுப்புச் சுவர் எழுப்பி, சின்னச் சின்னக் கடைகளாக்கித் தருவார்கள். முதல் வருஷம் வாடகை கிடையாது. கூலிக்குப் போனவன் எல்லாம் முதலாளி ஆகலாம். ஒரே ஒரு நிபந்தனை: கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே ஆள் இருக்க வேண்டும். கணக்கெடுக்க வருகிறவர் பார்க்கும்போதெல்லாம் மூடிக்கிடந்தால் பூட்டை மாற்றி, கடையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பூட்டுக்காரர் அந்தக் கரையோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவர் இடுப்பில் இருக்கிற குழந்தை. வளர்த்தது அக்காள். அவள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கப் போகும்போது தம்பியை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போவாள். கொஞ்சம் விவரம் தெரிந்ததும் தம்பி அவளுடைய கொண்டை ஊசியை எடுத்து, கதவில் பதித்த பூட்டைக் குடைந்து திறந்து, அவள் வரும்போது வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். அடி விழும். மறுநாள் வேறு பூட்டு. அதையும் திறப்பார். "இவன் திருடனாப் போவான், இல்லாட்டி பூட்டு ரிப்பேர் பண்ணுவான்" என்றாள் அக்காள். நல்ல வேளை, இரண்டாவது பலித்தது.

வெகுகாலம் பேருந்து நிலையத்து வாசலில் ஒரு குடையின் கீழ் உட்கார்ந்து மாற்றுச்சாவி போட்டுக்கொடுத்தார். பூட்டிவைக்க ஒன்றுமே இல்லாத சனங்களுக்கு நடுவில் பூட்டுக்காரர்! எப்படியோ தள்ளாடித் தள்ளாடிக் கல்யாணமும் ஆகி இரண்டு பெண்களும் பிறந்துவிட்டார்கள். அக்காள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவர் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

கடை கிடைத்ததும் அவர் சும்மா இருந்தாரா? அக்காளை நச்சரித்தார்.

"எத்தனை நாளைக்கு அடுத்தவன் சட்டைக்குக் காலர் வைப்பே? நீயும் ஒரு கடை வாங்கு. என் கடையிலேருந்து கூப்பிடு தூரம்தான்."

"இந்த வயசுல விட்டா திரும்ப வேலைக்குச் சேத்துக்க மாட்டாங்கடா."

"திரும்ப எதுக்குப் போறே? நான் இல்லையா?"

அந்த 'நான் இல்லையா'வை நம்பித்தான் அவள் வேலையை விட்டாள். தம்பி சொல்லி அவள் கேட்ட முதல் பேச்சு அது. அவளுக்கு வாய்த்த கடை தையல் மிஷின், துணி வெட்டும் மேசை, ஒரு நிலைக்கண்ணாடி என்று நிறைந்துவிட்டது. பூட்டுக்காரர் தன் கையாலேயே அதற்கு ஒரு முரட்டுப் பூட்டு போட்டுக்கொடுத்தார்.

முதல் சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு சோப்பு காய்ச்சி விற்றவர் கடை மூடிக்கிடந்தது. கையில் காசில்லாத தெருவில் எத்தனை பேர் வாசனைச் சோப்பு வாங்குவார்கள்? திட்ட அதிகாரி பூட்டுக்காரரைக் கூப்பிட்டார். இரண்டு கரைக்கும் சேர்த்து இனி அவர்தான் பூட்டு மாற்றவேண்டும். மாற்றும் ஒவ்வொன்றுக்கும் கூலி உண்டு. சோப்புக்காரர் பூட்டு போனது. அந்தக் கரையில் சைக்கிள் கடைக்காரர் பூட்டு போனது. பிறகு நகல் எடுக்கும் கடை, பொம்மைக் கடை. பூட்டுக்காரருக்கு முன்னெப்போதும் இல்லாத வரும்படி. வயிறு நிறைந்தது, மனசு மட்டும் என்னவோ செய்தது. 'நான் மாட்டேன்னா இன்னொருத்தன் வந்து செய்வான்' என்று அதை அடக்கிவைத்தார்.

கடைக்காரர்கள் முகம் மாற ஆரம்பித்தது. அவர் வெறுங்கையோடு நடந்தால் பேச்சு நடக்கும். டிரில்லிங் மிஷின் வைத்த பையோடு நடந்தால் வராந்தா முழுக்க மூச்சு நின்றுவிடும். பை எந்தக் கடைக்கு முன்னால் நிற்கிறது என்றே எல்லாக் கண்ணும் பார்க்கும். டீக்கடைக்காரர் அவரிடம் காசு வாங்குவதை நிறுத்திக்கொண்டார். அது மரியாதை என்று நினைத்து அவர் குடித்தார், பாவம்.

பஸ் ஏறிப் பாலத்தைச் சுற்றி அந்தக் கரைக்குப் போய் வர அரைநாள் ஆகிவிடும். அவர் கடை திறந்திருக்க வேண்டுமே? "அக்கா, கொஞ்சம் வந்து உக்காந்துக்கிறியா?" என்பார். அவளும் வருவாள். முதல் தடவை தன் கடையைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் வந்தாள். பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஊரான் துணி கிடக்குது. எவனாவது தூக்கிட்டுப் போனா யார் பதில் சொல்றது? எப்பவோ ஒரு அரைநாள்தானே, பூட்டிட்டு வாக்கா."

பூட்டுக்காரன் புத்தி! அன்றிலிருந்து அவள் பூட்டிவிட்டே வந்தாள். கணக்கெடுப்பவர் வந்தார், பூட்டுக்கடையில் ஓர் ஆள் இருப்பதைப் பார்த்தார், கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நடந்தார். யார் கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர் கவலை இல்லை.

ஒருநாள் காலையில் அதிகாரி ஃபோன் செய்தார். "இன்னைக்கு அந்தப் பக்கம் போக வேணாம். நம்ம கட்டடத்துலயேதான். பையை எடுத்துட்டு வாங்க."

அப்பாடா, பஸ் ஏறவேண்டாம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. எந்தக் கடை என்று அதிகாரி எப்போதும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இருவரும் வராந்தாவில் நடந்தார்கள். தச்சர் உளியைக் கீழே வைத்தார். வளையல் கடைப் பெண் எழுந்து நின்றாள். அதிகாரி அவர்களைக் கடந்தார். டீக்கடையையும் கடந்தார். தாண்டிய ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒரு பெருமூச்சு கேட்டது.

அதிகாரி அக்காளின் கடைக்கு முன்னால் நின்றார். அவள் வாயில் குண்டூசிகளோடு யாருக்கோ கை அளவு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், இது எங்க அக்கா கடை" என்றார் பூட்டுக்காரர்.

"தெரியும். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, கணக்கெடுக்கப் போனப்பல்லாம் மூடியே கிடக்கு."

"அப்படி இருக்காது சார். தினமும் திறக்கிறாங்க."

"நீங்க அந்தப் பக்கம் பூட்டு மாத்துற நாள்லதான் ரெண்டு கரையிலும் ஒண்ணாக் கணக்கெடுக்கிறோம். ரெண்டு நகராட்சியும் சேந்து செஞ்ச ஏற்பாடு. எந்தப் படத்தை எடுத்தாலும் இந்தக் கடைக்குப் பூட்டுதான். உங்க கடையைப் பாருங்க, ஒருநாள்கூட மூடல. அதனாலதான் உங்களை நம்பி வேலை குடுக்கிறோம்."

பூட்டுக்காரருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அவர் போன நாளெல்லாம் அவள் பூட்டினாள். பூட்டச் சொன்னது யார்? அவர். சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: 'என் கடையில உக்காந்திருந்தது அவங்கதான், மூடிக்கிடந்திருக்க வேண்டியது என் கடை சார், அவங்க கடை இல்ல.' சொன்னால் இந்தக் கதவு பிழைக்கும், அவர் கதவு போகும். கூலியும் போகும், பெண்களின் படிப்பும் போகும்.

அக்காள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். அதிகாரியை அவள் பார்க்கவே இல்லை. தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லுவான் என்று காத்திருந்தாள். வராந்தாவே காத்திருந்தது.

"சார்..." என்று தொடங்கினார் பூட்டுக்காரர். "துணியெல்லாம் மட்டும் எடுத்துக்கட்டும் சார்."

அவ்வளவுதான் அவருக்கு வாய்த்தது. சீ, இதுவும் ஒரு நாக்கா!

அக்காள் தலையாட்டினாள், அளவெடுத்தது முடிந்த மாதிரி. ஊரார் துணிகளை மூட்டை கட்டினாள், கத்தரிக்கோலைப் பையில் போட்டாள். மிஷின் திட்டத்துக்குச் சொந்தம். அதன் மேல் உறையைப் போர்த்திவிட்டு வெளியே வந்தாள்.

"போடுறா" என்றாள். "எத்தனையோ கதவுக்குப் போட்டுட்டே."

அவர் போட்டார். கழற்ற முடியாதபடி தான் அறைந்து மாட்டிய முரட்டுப் பூட்டைத் தானே துளைத்தெடுத்தார். துளை கோணலாக விழுந்தது. வாழ்க்கையில் அவர் செய்த மட்டமான வேலை அது. அதிகாரி புதுச் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. அந்தக் கரையிலும் ஒரு கடையாம், உடனே வரவேண்டுமாம். பூட்டுக்காரர் பையைத் தோளில் மாட்டினார். அவருக்குத் தெரியாமலே வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது.

"அக்கா, கொஞ்சம் வந்து..."

பாதியில் அவர் காதிலேயே அது விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்காள் மூட்டையை இடுப்பில் ஏற்றினாள், முன்பு அவரை ஏற்றிய அதே இடுப்பில். கோபப்படவில்லை, அழவும் இல்லை.

"இனிமே நீ பூட்டிட்டுத்தான் போகணும்டா" என்றாள். வாசல் பக்கம் நடந்துபோனாள்.

வராந்தாவின் அந்தக் கோடியில், கையில் கைப்பேசியோடு கணக்கெடுப்பவர் முதல் கடைக்கு முன்னால் வந்து நின்றார். பூட்டுக்காரரின் ஃபோன் மறுபடியும் அடித்தது.