வயிற்றுவலி

எங்கள் பக்கத்தில் யாராவது உயிரை மாய்த்துக்கொண்டால், வீட்டார் வயிற்றுவலி என்றுதான் ஊருக்குச் சொல்வார்கள். அதனால், களமருதூரிலிருந்து பள்ளிக்கூட நண்பன் போனில் "வயித்து வலி ஜாஸ்தியா இருக்குதுடா" என்றதும் திருக்கோவிலூரில் பஸ் ஏறிவிட்டேன்.

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறவன். பிறர்மேல் உள்ள கோபம் தன்மேலேயே திரும்புவதுதான் தற்கொலை என்றது பழைய உளப்பகுப்பாய்வு. மூளையின் ரசாயன மாற்றமும், இனி வழியே இல்லை என்ற எண்ணமும் சேர்வது என்கிறது இன்றைய ஆய்வு. அவனிடம் போய் என்ன பேசுவது என்று இரண்டுமே சொல்லவில்லை; பஸ் நின்ற இடத்திலெல்லாம் இரண்டையும் திட்டிக்கொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்தவன், "இன்னாடா, வயித்து வலிக்கா இம்மாந்தூரம் ஓடியாந்த?" என்றான்.

"செத்துடலாம்னு தோணுதாடா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டான். "இத்தினி நாளா யாருமே கேக்கலடா."