ஸ்டெல்லாவுக்குக் குளிரெடுத்த மத்தியானம்

ஆண்டவருக்குப் பிரியமானவர்களே, போன ஆடி மாதம் எங்கள் கார் எஞ்சின் கொதித்துக் கொதித்து எங்களை நடுரோட்டில் நிறுத்தியது. அதைப் பற்றித்தான் இந்தச் சாட்சி. காருக்கெல்லாமா சாட்சி என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான்.

என் பெயர் சாமுவேல். உசிலம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துபோனது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஆரம்பத்தில் பஸ்ஸில்தான் போனோம். ஒருநாள் திரும்பி வரும்போது, நாகமலை புதுக்கோட்டை தாண்டியதும் என் தோளிலேயே மயங்கிச் சரிந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஒரு பழைய காரை வாங்கினேன். அவள் அதற்குக் ‘கழுதை’ என்று பெயர் வைத்தாள். காலையில் ஏறும்போது முன்பக்கத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் ஏறுவாள்.

ஆடி மாதத் தொடக்கத்தில் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டியது. எங்கள் மெக்கானிக் பாண்டி பார்த்துவிட்டு, எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்ற வைக்கிற வாட்டர் பம்ப் போய்விட்டது என்று புதிதாக மாற்றிக் கொடுத்தார். பாண்டி கைசுத்தமானவர். என்னை ‘அண்ணே’ என்றும் ஸ்டெல்லாவை ‘மதினி’ என்றும் வாய் நிறையக் கூப்பிடுவார்.

சொட்டுவது நின்றது. ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை கருமாத்தூர் தாண்டும்போதே சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. ஓரங்கட்டி, ஆறவிட்டு, மெல்ல ஓட்டி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். பாண்டி ரேடியேட்டரைக் கழட்டிக் கழுவினார். வெள்ளிக்கிழமை மறுபடியும் கொதித்தது. தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டை மாற்றினார். அதற்கும் கேட்கவில்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றினார். செக்கானூரணிக்குப் பக்கத்தில் புகை மாதிரி ஆவி கிளம்பி, வண்டி அப்படியே நின்றுவிட்டது.

அன்றைக்கு மருத்துவமனையில் எங்களுக்கு ஒதுக்கிய நேரம் போய்விட்டது. மறுநாள்தான் இடம் கிடைத்தது. இடையில் அந்த ஒரு நாள் அவள் பட்ட பாட்டை எப்படி எழுதுவேன். படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். முகம் வீங்கிவிட்டது. அப்போதும் என்னைப் பார்த்து, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்றுதான் கேட்டாள்.

பாண்டி கடைசியில் வீட்டுக்கே வந்தார். “அண்ணே, எஞ்சின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற கேஸ்கெட் போயிருக்கும்னு நெனைக்கிறேன். எஞ்சினப் பிரிச்சாத்தான் தெரியும். ரெண்டு மூணு வாரம் ஆகும்ணே” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாண்டியை என்னென்னவோ பேசிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே போய்விட்டார். வாரம் இரண்டு தடவை வாடகைக் கார் வைக்க எங்களால் முடியாது. மறுபடியும் பஸ்ஸா? அன்று மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது எனக்கு வாயே திறக்கவில்லை. ஆண்டவர் மேலேயே வருத்தமாக இருந்தேன். ஸ்டெல்லாதான் ஜெபித்தாள். பெரிய வார்த்தை எதுவும் இல்லை.

“ஆண்டவரே, கழுதைக்கு என்னன்னு எங்களுக்குத் தெரியல. பாண்டித் தம்பிக்கும் தெரியல. உமக்குத் தெரியும். நீரே காட்டிக் கொடும். இவரு மனசையும் கொஞ்சம் ஆத்தும். ஆமென்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ரேடியேட்டருக்காக ஜெபிக்கிறாளே என்று நினைத்தேன். ஆனாலும் நானும் ஆமென் சொன்னேன்.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை. நாலு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டு எப்படியோ போய்ச் சேர்ந்தோம். டயாலிசிஸ் முடிந்து மத்தியானம் கிளம்பினோம். வெளியே அனல் அடிக்கிற வெயில். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டியதும் முள் ஏற ஆரம்பித்தது. ஓரங்கட்டலாமா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஸ்டெல்லாவுக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவளுக்குச் சில நாள் அப்படி வரும்.

“குளுருதுங்க. இதுல சூடு வர்ற மாதிரி எதுவும் இருக்கா?” என்றாள்.

மதுரையில் யார் காரில் ஹீட்டர் போடுவார்கள்? வாங்கிய நாளிலிருந்து நான் ஹீட்டர் திருகைச் சிவப்புப் பக்கம் திருப்பியதே இல்லை. அன்று திருப்பினேன்.

அவள் கையை நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்தாள். “ஏங்க, சூடே வரலையே. எஞ்சின் அந்தக் கொதி கொதிக்குது, இதுல சும்மா காத்துதான் வருது” என்றாள்.

இதுவும் ரிப்பேரா என்று எனக்குச் சலிப்புதான் வந்தது. ஓரத்தில் நிறுத்தி, என் துண்டை அவளுக்குப் போர்த்திவிட்டு, எஞ்சின் ஆறக் காத்திருந்தேன். பாண்டிக்குப் போன் செய்தேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் செய்தேன் என்று சொன்னால் பொய். வண்டியை எப்போது விடட்டும் என்று கேட்கத்தான் செய்தேன். பேச்சோடு பேச்சாக ஹீட்டரையும் சொன்னேன்.

பாண்டி குறுக்கே பேசினார். “அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க. முள்ளு சிவப்புல நிக்கிறப்ப ஹீட்டர்ல சூடு வரலையா?” என்றார்.

“ஆமா பாண்டி. உன் மதினிதான் கைய வச்சுப் பாத்தா.”

“ஆற வச்சு ஆற வச்சு மெதுவா வாங்கண்ணே. எஞ்சினப் பிரிக்க வேணாம்.”

பாண்டியின் கடைக்குப் போனதும் அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எஞ்சினுக்குள் கொதிக்கிற அதே தண்ணீர்தான் ஹீட்டருக்குள்ளும் ஓட வேண்டும். அங்கே சூடு வரவில்லை என்றால் தண்ணீர் அங்கே போகவில்லை. பம்ப் மாற்றித் தண்ணீர் ஊற்றியபோது உள்ளே காற்று அடைத்துக்கொண்டது. “ஒவ்வொரு ரிப்பேருக்கும் தண்ணிய இறக்கி ஊத்துனேன்ணே. ஒவ்வொரு தடவையும் காத்து உள்ளேயே மாட்டிக்கிச்சு. தப்பு எம்மேலதான்” என்றார்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, வண்டியின் முன்பக்கத்தைச் சரிவில் ஏற்றி நிறுத்தினார். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, எஞ்சினை ஓடவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று குமிழ் குமிழாகக் காற்று வெளியே வந்தது. தண்ணீர் மளமளவென்று உள்ளே இறங்கியது. அவர் ஊற்ற ஊற்ற அது குடித்துக்கொண்டே இருந்தது. முன்னிருக்கையில் துண்டைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா, “தம்பி, இப்ப சூடு வருது” என்றாள். அவள் முகத்தில் வியர்வை. முள் பாதியில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

நான் பாண்டியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கண்ணே, மதினிக்காகத்தான பேசுனீங்க” என்றார்.

அவளுடைய நோய் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தீரவில்லை. ஆனால் அவள் காட்டிக் கொடும் என்று கேட்டாள். ஆண்டவர் அவளுடைய நடுக்கத்தைக் கொண்டே காட்டிக் கொடுத்தார். அன்றையிலிருந்து எதற்காகவும் ஜெபிக்க எனக்குக் கூச்சம் இல்லை. தையல் ஊசி உடைந்தாலும் அவரிடம் சொல்லிவிடுகிறேன். கோபமும் குறைந்திருக்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் ஸ்டெல்லாவைக் கேளுங்கள்.

பின்சீட் காலியாகப் போவானேன் என்று, கருமாத்தூரில் முத்தையா அண்ணனையும் இப்போது ஏற்றிக்கொள்கிறோம். அவருக்கும் அதே டயாலிசிஸ்தான். அவர் நம் சபை இல்லை. ஆனால் ஏறி உட்கார்ந்ததும், “ஜெபம் பண்ணிட்டு வண்டிய எடுப்பா” என்பார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று யாருக்கும் பிடிபடாமல் இருக்கலாம். அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள். வார்த்தை வராவிட்டால், பக்கத்தில் இருப்பவர் கேட்கிற ஜெபத்துக்கு ஆமெனாவது சொல்லுங்கள். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அதையும் அவர் கேட்டார்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. விடியும்போதே நாங்கள் மூன்று பேரும் கிளம்பிவிடுவோம். வழியில் உங்கள் பெயர்களையும் ஜெபத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறோம்.