மோசஸ் காத்திருந்த அடி

எங்கள் குழுவுக்குப் பேர் வாங்கித் தந்த அந்த மெதுவான தாளத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. பயத்தில் எனக்குக் கை விறைத்துப்போனது... அவ்வளவுதான்! பதினைந்து ஆண்டுகளாக மேடைக்கு மேடை பொய் சொல்லி வருகிறேன்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

எழுபதுகளின் தொடக்கம். சித்தூரில் நாங்கள் மூன்று பேர். ஜெயராஜ் கிதார் வாசித்துப் பாடுவான். மோசஸ், தடித்த தந்திகள் முழங்கும் பேஸ் கிதார். நான் டிரம்ஸ். கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுக் கேட்டால் எழுந்து வந்துவிடுவோம். சொந்தப் பாட்டு, சொந்த இரைச்சல், சொந்தப் பட்டினி!

திருப்பதியில் ஒரு கல்லூரி விழாவுக்கு அழைப்பு வந்தது. முதல் பெரிய மேடை! அதற்கென்றே குதிரை வேகத்தில் ஒரு பாட்டைப் பழகியிருந்தோம். மேடையேறிக் கூட்டத்தைப் பார்த்தேன்... என் முழங்கால்கள் எனக்கு முன்பே சித்தூர் பஸ் ஏறிவிட்டன! தூக்கிய குச்சி இறங்கவில்லை. இறங்கியது எழவில்லை. ஒத்திகையின் பாதி வேகம்கூட இல்லை. ஜெயராஜின் கிதார் தனியே முன்னால் ஓடியது.

"இன்னாபா இது, சாவு மோளமா?" என்றது ஒரு குரல். தொடர்ந்து விசில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மைக்கை இழுத்து, "மன்னிச்சிக்கோங்க! எங்க மோசஸு நல்லா துன்னுட்டு நின்னுக்கினே தூங்குறான்!" என்றேன். மைதானமே சிரித்தது. பழி இடம் மாறியது. எவ்வளவு சுலபம்!

மோசஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் எங்கள் மிஷன் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவன் அவன். கடைசி வரிசைக் கிழவர்கள் இழுத்து இழுத்துப் பாடி வரியை முடிக்கும்வரை, அழுத்திய கட்டையை விடமாட்டான். அன்று எனக்கும் அதையே செய்தான். தடித்த தந்தியை மீட்டி, அந்த முழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நடுங்கும் என் அடுத்த அடி விழும்வரை காத்திருந்தான்... ஒவ்வொரு அடிக்கும்! ஜெயராஜுக்குப் புரிந்துவிட்டது. ஓடிய கிதார் திரும்பி வந்து அந்த முழக்கத்தின்மேல் உட்கார்ந்தது.

ஐயோ, அந்தச் சத்தம்! மலைப்பாறை உருண்டு வருவதைப்போல... மேடைப் பலகை அதிர, நெஞ்செலும்பு அதிர... விசிலடித்த கூட்டம் எழுந்து நின்றது! "இன்னொரு தடவை!" என்று தமிழிலும் தெலுங்கிலும் கத்தியது!

"இது யார் யோசனை?" என்று மேடையிறங்கியதும் மாணவர்கள் கேட்டார்கள். என் வாய் முந்திக்கொண்டது. "என்னோடதுதான்!"

அப்புறம் காளஹஸ்தி, வேலூர், மதராஸ்... எங்கள் மெதுவான தாளத்தைக் கேட்க வரிசை நின்றது! சுவரொட்டிகளின் நடுவில் என் முகம். ஓரத்தில் மோசஸ். என் வேடிக்கையும் எங்களுக்கு முன்பே ஊர் ஊராய்ப் போய்ச் சேர்ந்தது: தூங்குமூஞ்சி மோசஸ்!

ஒருநாள் பஸ்ஸில் அவன் கேட்டான். "சர்ச்சுலயும் அப்டித்தான்டா கூப்புட்றாங்க. ஒரே ஒரு வாட்டி நெசத்த சொல்லிட்றா."

"அடுத்த மேடையில சொல்லிட்றேன்டா" என்றேன்.

எத்தனை அடுத்த மேடைகள்! மைக்கைப் பிடிப்பேன். நிஜத்துக்குப் பதில் ஒரு நகைச்சுவை வந்து விழும். கூட்டத்துக்குப் பயந்தவன், கைதட்டல் போய்விடுமோ என்று பயந்தவனாக வளர்ந்திருந்தேன்... இதுதான் என் முன்னேற்றம்!

போன மாதம் ஒரு விழா. மேடையேறுமுன், "இன்னிக்கு சொல்லிட்றேன்டா, சத்தியமா" என்றேன்.

மோசஸ் தந்தியை முறுக்கிக்கொண்டே சொன்னான்: "வுடுறா. இப்ப என் பொண்ணே அப்டித்தான் கூப்புட்றா."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும் அல்லவா? வந்தது நிம்மதி... தப்பித்தேன் என்கிற கேடுகெட்ட நிம்மதி! கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது.

நான் கையசைத்தேன்.